அபர்டீன் பஜாரில் ஒரு கணக்கு வாத்தியார்

(நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையைக் கூடியவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



"வேற்றூரில் வாத்தியார் வேலை" என்று தலைப்புக் கொடுத்து அரைமணி நேரம் பேசச் சொன்னார் செயலர். இதற்கு மூல காரணம் என் தம்பியின் பெண். அவள் தென் கொரியாவில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். போன தீபாவளிக்குக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, "பெரியப்பா, முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பசங்க என்ன கேட்டாங்க தெரியுமா? உங்க வயசு என்னன்னு!" என்றாள். எதிரில் நிற்பவர் தன்னைவிடப் பெரியவரா சிறியவரா என்று தெரியாமல் அந்தப் பாஷையில் ஒரு வினைச்சொல்லைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாதாம். நம்மிடம் "வா", "வாங்கோ" என்று இருப்பது அங்கே இன்னும் பல படிகளாக இருக்கிறது. வயசு எண்ணுவதிலும் அவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பிறந்த அன்றைக்கே ஒரு வயசு, பிறகு ஒவ்வொரு ஜனவரி முதல் தேதிக்கும் ஒன்று. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயசு! 2023 ஜூனில் சட்டப்படி இதை மாற்றி உலகக் கணக்குக்கு வந்துவிட்டார்கள்; பேச்சில் மட்டும் பழைய கணக்கு இன்னும் போகவில்லை என்கிறாள்.

"உன் பசங்க பரவாயில்லை, வயசோடு விட்டார்கள். என்னிடம் கேட்டது வேறு" என்று நான் சொல்ல ஆரம்பித்த கதை அவள் வழியாகத் தம்பிக்கும், தம்பி வழியாகச் செயலருக்கும் போய், இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் போனது வெளிநாடு இல்லை. அந்தமானில் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் என் கதை நடந்த காலத்தில் அது போர்ட் பிளேர்தான், அதனால் அப்படியே சொல்கிறேன். வருஷம் 1978. கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணிதமும் அதன்மேல் பி.எட்.டும் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாட்கள். அந்தமான் நிர்வாகத்துக்குத் தமிழ் வழியில் கணக்குச் சொல்லித்தர பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன், உத்தரவு வந்துவிட்டது. அந்த வருஷம்தான் சிவாஜி நடித்த "அந்தமான் காதலி" படம் வந்திருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்தார்கள்.

கேலி செய்யாதவள் பாட்டி ஒருத்திதான். "பிராமணன் சமுத்திரம் தாண்டலாமாடா?" என்றாள். கேள்வி ஒன்றும் புதிதல்ல. கடல் யாத்திரையைப் பதிதனாக்கும் காரியங்களில் ஒன்றாகப் போதாயன தர்ம சூத்திரமே சொல்கிறது. அந்தமானுக்கு "காலாபானி" என்று பெயர் வந்ததற்குப் பின்னாலும் இந்தப் பயம் உண்டு. கைதியின் உடம்பை மட்டுமல்ல, அவன் ஜாதியையும் அந்தக் கறுப்புத் தண்ணீர் கரைத்துவிடும் என்று நம்பினார்கள். அப்பா பாட்டிக்குப் பதில் சொன்னார்: "நம்மூர் ராமானுஜனே 1914ல் சீமைக்குக் கப்பல் ஏறினானே?" பாட்டி விடவில்லை. "ஏறி என்ன ஆச்சு? உடம்பைக் கெடுத்துண்டுதானே திரும்பி வந்தான்!" அதற்குமேல் அப்பாவிடம் பதில் இல்லை. கடைசியில், சந்தியாவந்தனத்தை விடக்கூடாது, கண்ட இடத்தில் சாப்பிடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஒரு சந்தேகத்தையும் சேர்த்து அனுப்பினாள்: "அங்கே காக்காய் உண்டோ? சாதம் வைச்சா வந்து எடுக்குமோ?"

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல். எட்டத்தில் கரை மறைந்த பிறகு மூன்று ராத்திரி. கீழ்த்தளத்தில் அடுக்குக் கட்டில், இஞ்சின் எண்ணெய் வாசனை, பக்கத்துக் கட்டிலில் ராமநாதபுரத்திலிருந்து குழந்தை குட்டியோடு போகும் கொத்தனார் குடும்பம். நான் கையில் கொண்டுபோன புளியோதரை இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அந்தக் கொத்தனாரின் அம்மா வாழைப்பழமும் பொரிகடலையும் கொடுத்தாள். "பழத்துக்கு ஆசாரம் கிடையாது சாமி" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அபர்டீன் பஜாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் இருக்கிற ஊரின் பெயரை வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது. ஊரின் நடு மத்தியில் மணிக்கூண்டு, அதைச் சுற்றிக் கடைகள், மேடும் பள்ளமுமாகத் தெரு, சரிந்து இறங்கினால் கடல். வங்காளி மிட்டாய்க் கடைக்குப் பக்கத்தில் நம் ஊர் மளிகைக் கடை, எதிரே மலையாளத்து முஸ்லிம் ஒருவரின் டீக்கடை, அதற்கு மேலே தெலுங்கர் தையல் கடை. எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது ஹிந்தியில். இலக்கணத்தைப் பார்க்காத, ஆண்பால் பெண்பால் கவலையில்லாத, எல்லோருக்கும் சொந்தமான ஒரு ஹிந்தி. 1965ல் எங்கள் பள்ளியின் பெரிய பையன்கள் ஹிந்தி எழுத்தைத் தார் பூசி அழித்ததைப் பார்த்தவன் நான். இங்கே வந்து பார்த்தால், தமிழ்க் கடைக்காரரும் வங்காளி வாடிக்கையாளரும் அந்தப் பாஷையில்தான் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார்கள். யாரும் யார்மேலும் திணித்ததாகத் தெரியவில்லை; பிழைப்பு சேர்த்துவைத்த பாஷை. மூன்று மாதத்தில் எனக்கும் வந்துவிட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் அந்தமான் நிகோபார் தீவுகளின் மொத்த ஜனங்கள் 3,80,581. அதில் வங்காளிகளுக்கும் ஹிந்திக்காரர்களுக்கும் அடுத்தபடி தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள்தான், நூற்றுக்குப் பதினைந்து பேர்.

அந்தப் பஜாரின் பெயரில் ஒரு சண்டையும் உண்டு. 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு வந்து கைதிக் குடியிருப்பைத் தொடங்கினார். தங்கள் காட்டை வெட்டுவதைப் பொறுக்காத அந்தமானியப் பழங்குடிகள் அடுத்த வருஷம் மே 17 அன்று வில் அம்போடு அபர்டீனைத் தாக்கினார்கள். அதற்கு முன் அவர்களிடம் தப்பி ஓடி, அவர்களோடேயே கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்த துத்நாத் திவாரி என்ற கைதி திரும்பி ஓடிவந்து துரைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். துப்பாக்கிக்கு முன் அம்பு என்ன செய்யும்? அவனுக்கு விடுதலை கிடைத்தது. கர்ப்பிணிப் பெண்டாட்டியை அவன் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்கிறேன், நம்மவர்கள் அடிக்கடி தவறாகச் சொல்வதால். வ.உ.சி. அந்தமானில் செக்கிழுத்தார் என்பது சரியல்ல. அவருக்கு 1908ல் நாடுகடத்தல் தண்டனை விதித்தது உண்மை. அப்பீலில் அது குறைந்தது. அவர் இருந்தது கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில். அந்தமான் செல்லுலார் சிறையிலும் எண்ணெய்ச் செக்கு உண்டு, அதை இழுத்தவர்கள் வேறு. 1896ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்த சிறை; ஏழு சிறகுகள் இருந்ததில் இப்போது நிற்பது மூன்று. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவிடமாக அர்ப்பணித்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன்.

பஜாருக்குப் பின்புறம் ஒரு மர வீட்டின் மாடியில் எனக்கு அறை. படாக் மரத்துத் தரை, தகரக் கூரை. வீட்டுக்காரி ஐம்பது வயசைத் தாண்டிய விதவை. ஊரே அவளை "மாஜி" என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன்; அவள் எனக்கு "மாஸ்டர்ஜி" என்று பெயர் வைத்தாள். அங்கே "லோக்கல் பார்ன்" என்று ஒரு சமூகமே உண்டு, கைதிகளின் வம்சத்தார். ஆண் கைதி நன்னடத்தையில் வெளியே வந்து, பெண் கைதிகளில் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு நிலம் வாங்கி உழுதால், அவர்கள் பிள்ளைகள் லோக்கல் பார்ன். ஷாதிப்பூர் என்ற பெயரே அப்படி வந்தது என்பார்கள். மாஜியின் ஒரு தாத்தா பஞ்சாபி, இன்னொருவர் ரத்னகிரிப் பக்கம், பாட்டிகளில் ஒருத்தி பர்மா. "என்ன குற்றம்?" என்று நான் கேட்டதில்லை. அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நாள் அவள் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "மீன் வாசனை மாடிக்கு வரும், பரவாயில்லையா?" பரவாயில்லை என்றேன். ஆனாலும் நான் இருக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சமைப்பாள்.

இப்போது வகுப்பறை. எட்டாம் வகுப்பு, நாற்பது சொச்சம் பிள்ளைகள். சாத்தம் மரஅறுவை ஆலைத் தொழிலாளி, துறைமுகக் கூலி, படகுக்காரர், பஜார்க் கடைக்காரர், இவர்களின் பிள்ளைகள். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், நீங்க எப்ப போவீங்க?"

எங்கே என்றேன். "மெயின்லேண்டுக்கு." முந்தின இரண்டு வருஷத்தில் கணக்குக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் ஓணம் லீவுக்குப் போனவர் வரவில்லை, ஒருவர் மலேரியா வந்து போனார், ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டார். நடுவில் மாதக்கணக்கில் கணக்குப் பாடமே இல்லை. புது வாத்தியாரிடம் அல்ஜீப்ரா எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கப் போகிறார் என்று கேட்பதற்கு முன், அதை முடிக்கும்வரை இருப்பாரா என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கு முக்கியம். கொரியாவில் வயசு கேட்ட பிள்ளைகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்திருக்கிறார்கள்: இந்த மனுஷரை எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்துகொள்ளும் கேள்வி. "இந்தப் புத்தகம் முடியும்வரை போகமாட்டேன்" என்றேன். அந்தப் பெண் அதைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்!

புத்தகம் பெரிய சோதனை. கையில் இருந்தது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதியது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ரயில். 120 மீட்டர் நீளமுள்ள ரயில் பாலத்தைக் கடக்கும், எதிரெதிரே இரண்டு ரயில்கள் சந்திக்கும். அந்தமானில் அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. முக்கால்வாசிப் பேர் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். ரயில் பாலத்தைக் கடக்கும்போது ஏன் பாலத்தின் நீளத்தோடு ரயிலின் நீளத்தையும் கூட்டவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், ரயிலில் ஏறாத பிள்ளைக்கு!

அதனால் ரயிலைக் கப்பலாக்கினேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; ஆக 640 கடல் மைலுக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் போனால் எத்தனை மணி? வகுப்பு முழுவதும் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட்டது: ஏறக்குறைய 54 மணி. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "54 மணின்னா ரெண்டேகால் நாளு சார். நாங்க வந்தது மூணு நாளைக்கு மேல. கணக்கு ஜூட்டு சொல்லுது சார்" என்றான். ஜூட் என்றால் ஹிந்தியில் பொய். அங்கத்திய தமிழ்ப் பிள்ளைகள் வாயில் அது தமிழாகவே ஆகிவிட்டது. பிறகு அந்த வித்தியாசம் எங்கே போனது என்று ஒரு மணி நேரம் பேசினோம். துறைமுகத்தில் பைலட்டுக்காகக் காத்திருப்பது, காற்றுக்கு எதிரே வேகம் குறைவது, ஹேடோ தளத்தில் இடம் காலியாகும்வரை வெளியே நங்கூரம் போடுவது எல்லாம் வந்தது. துறைமுகக் கூலியின் மகன் ஒருவன் எனக்கே சொல்லிக்கொடுத்தான். சராசரி வேகம் என்ற பாடத்தை நான் அதைவிட நன்றாக எங்கேயும் நடத்தியதில்லை.

மழை பெய்தால் பாடம் கரும்பலகையில் மட்டும்தான். வருஷத்தில் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை. மே மாதக் கடைசியில் பிடித்தால் டிசம்பர்வரை விட்டு விட்டுப் பெய்யும். தகரக் கூரையில் அது விழும்போது என் குரல் முதல் வரிசைக்கும் கேட்காது. எழுதுவேன், பார்த்து எழுதுவார்கள், சந்தேகம் வந்தால் எழுந்து வந்து கரும்பலகையில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டுப் போவார்கள்.

கடைசி வரிசைப் பையனைச் சொன்னேன் அல்லவா, அவன் கதை வேறு. அவன் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964ல் சாஸ்திரிக்கும் சிறிமாவோவுக்கும் ஆன ஒப்பந்தத்தில் திரும்பியவர்களில் சில குடும்பங்களை நிகோபாரில் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். பெற்றோர் அங்கே, இவன் படிப்புக்காக மாமா வீட்டில். தமிழாசிரியர் "என் சொந்த ஊர்" என்று கட்டுரை கொடுத்தபோது மற்றப் பிள்ளைகள் தாங்கள் பார்த்தே இராத ராமநாதபுரத்துக் கிராமத்தின் ஏரியையும் வயலையும் பாட புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினார்கள். இவன் தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டான். தமிழாசிரியர் அதை என்னிடம் காட்டினார். நாங்கள் இருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டியின் நிபந்தனைகளுக்கு வருகிறேன். சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. பஜாரில் மதுரைக்காரர் ஒருவரின் சைவ மெஸ் இருந்தது. கப்பல் தாமதமானால் உருளைக்கிழங்கு, வெங்காயம் மறைந்துவிடும், சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் மாறி மாறி வரும். காப்பிப்பொடி ஈரத்தில் பூத்துவிடும், அப்பளம் நமுத்துப்போகும். சந்தியாவந்தனம்தான் கணக்குப் பாடமாகிவிட்டது. ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நாலு நிமிஷம். சென்னை கிழக்கே 80 டிகிரி சொச்சம், போர்ட் பிளேர் 92 டிகிரி முக்கால். பன்னிரண்டரை டிகிரி வித்தியாசம், 50 நிமிஷம். கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்று. ஆனி மாதத்தில் காலை ஐந்துக்கு முன்பே சூரியன் வந்துவிடுவான். மார்கழியில் மாலை ஐந்துக்கு அஸ்தமனம். பள்ளிவிட்டு நடந்து வருவதற்குள் சாயங்கால சந்தி முடிந்துவிடும். பாம்புப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற ராகுகாலம் அங்கே செல்லாது, நாமே திருத்திக்கொள்ள வேண்டும். திதியிலும் வரும்: தசமி காலை ஐந்தரைக்கு முடிகிறது என்று வையுங்கள், அந்தமானில் சூரியோதயம் அதற்கு முன், சென்னையில் அதற்குப் பின். உதயத்தில் எந்தத் திதி என்று பார்த்தால் ஒரே ஏகாதசி இங்கே இன்றைக்கு, அங்கே நாளைக்கு. அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் மாமிகளுக்கு இது இப்போது தெரிந்த விஷயம். எனக்கு 1978ல் புதுசு. பாட்டிக்கு விளக்கமாக எழுதினேன். "அதெல்லாம் சரி, காக்காய் உண்டோ?" என்று பதில் வந்தது. உண்டு, நல்ல பெரிய அண்டங்காக்காய், சாதம் வைத்தால் வருகிறது என்று எழுதின பிறகுதான் அவளுக்கு நிம்மதி.

1980 பங்குனியில் ஒரு சாயங்காலம் தந்தி வந்தது. அப்பா முந்தின நாளே போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயசு, மாரடைப்பு. தலைப்பிள்ளை நான். கணக்கு வாத்தியார் இல்லையா, தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். சென்னைக்கு அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து. அது பத்தாம் நாள். கடலில் மூன்று நாள், பதிமூன்று. அதன்பிறகு கும்பகோணத்துக்கு ரயில். விமானம் கல்கத்தா வழியாக வாரத்தில் சில நாட்கள்தான், அந்த வாரம் இடமில்லை. எப்படிக் கூட்டினாலும் சுபஸ்வீகாரம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். தகனத்துக்குத் தம்பி இருந்தான், பதினெட்டு வயசு. நான் அங்கேயே இருந்து செய்யவேண்டியதைச் செய்வதென்று முடிவாயிற்று.

பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்த தெலுங்குப் பிராமணர் ஒருவர், வைதீகக் குடும்பம், மந்திரம் தெரிந்தவர். மெஸ்காரர் போய்ச் சொல்லி அவர் ராத்திரியே வந்தார். கடலில் போய் ஸ்நானம் செய்கிறேன் என்றேன். "பர்வ காலம் அல்லாமல் சமுத்திர ஸ்நானம் வேண்டாம். கிணறு இருந்தால் அதில் செய்யுங்கள். பத்துக்குள் செய்தி வந்ததால் மிச்ச நாட்களுக்குத் தீட்டு" என்றார். கிணறு மாஜியின் கொல்லையில் இருந்தது. ஆனால் பங்குனி அங்கே கடும் தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அக்கம்பக்கத்து ஏழெட்டு வீடு அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தது, அடியில் இரண்டு முழம் தண்ணீர். நான் கேட்கத் தயங்கி நின்றேன். மாஜி கீழேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. விடியற்காலை நான் இறங்கி வரும்போது கிணற்றின் குறுக்கே தென்னை மட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். குடத்தோடு வந்தவர்களிடம், "மாஸ்டர்ஜியின் அப்பாவுக்குத் தண்ணி கொடுத்த பிறகுதான் நமக்கு" என்றாள். தீட்டு முடியும்வரை தினமும் இப்படி. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பள்ளிக்கு நான் போகாததால் மூன்றாம் நாள் பிள்ளைகள் வந்து மாடிப்படியில் நின்றார்கள். பெண்களில் ஒருத்தி, தேதி போட்டு எழுதிக்கொண்டாளே அவள்தான், "எங்க ஆயா செத்தப்பவும் கப்பல் இல்ல சார்" என்றாள். இன்னொருவன், "எங்கப்பாவுக்கும்தான்." ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். அந்தப் படியில் நின்ற அத்தனை பேர் வீட்டிலும் இப்படி ஒரு தந்தி இருந்தது. நான் ஏதோ எனக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் கட்டும் வரி அது. கட்டினவர்கள் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான் பிள்ளைகள் வந்தார்கள் என்று தோன்றியது.

அம்மா திரும்பி வந்துவிடு என்று எழுதினாள். லீவில் போய் மாசியம் ஒன்றைச் செய்துவிட்டு, தம்பிக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டிவிட்டுக் கப்பல் ஏறினேன். புத்தகம் இன்னும் முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த வருஷம் மஹாளய அமாவாசைக்கு முந்தின நாள் மாஜி மாடிக்கு வந்தாள். அவளுக்கு ஒரு அண்ணன். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர்வரை ஜப்பான்காரன் கையில் ஊர் இருந்த காலம். பள்ளியில் ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்தார்களாம். மாஜிக்கு அப்போதும் "இச்சி, நீ, சான்" என்று பத்துவரை எண்ணத் தெரியும். வேவு பார்த்தார்கள் என்று சந்தேகித்து எத்தனையோ பேரைப் பிடித்தார்கள். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுப் புதைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அண்ணனை ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே, எந்தத் தேதி, ஒன்றும் தெரியாது. "உங்கள் அப்பாவுக்குச் சொல்கிற இடத்தில் அவன் பெயரையும் ஒருதடவை சொல்ல முடியுமா, மாஸ்டர்ஜி?" என்றாள்.

எழுத்தரிடம் ஓடினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காருண்ய பித்ருக்கள் எதற்கு இருக்கிறார்கள்? திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் திதி. கோத்திரம் தெரியாவிட்டால் காசியபம். பெயர் தெரியுமல்லவா, போதும்" என்றார். மறுநாள் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறகு காசியப கோத்திரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டேன். மாஜி படியில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. வருஷா வருஷம் மஹாளயத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. 1991ல் மாஜி போன பிறகு அவள் பெயரும் சேர்ந்துவிட்டது. எங்காத்து வாத்தியார் முதலில் புருவத்தைத் தூக்கினார். இப்போது நான் மறந்தால் அவர் எடுத்துக்கொடுக்கிறார்.

பதினாலு வருஷம் இருந்துவிட்டு 1992ல் திரும்பினேன். கச்சால் பையனைக் கேட்பீர்கள். கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிகோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சால் ஒன்று. பதினொரு நாள் கழித்து என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "சார், நான் கப்பல்ல இருந்தேன் சார்" என்றான். பெற்றோரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். அதை இங்கே சொல்ல எனக்கு முடியாது.

இரண்டு பேர் சீட்டு அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள், அந்தமானுக்கு எப்போது போகலாம் என்று. ஜனவரியிலிருந்து மார்ச்வரை மழை குறைவு, கடலும் சாது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல். கப்பலும் போகிறது, அதே மூன்று நாள். நேரம் இருப்பவர்கள் அதில் போங்கள். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோவிலில் காவடி பார்க்கலாம். அறையை அபர்டீன் பஜார் பக்கத்தில் எடுத்தால் எல்லாம் நடைதூரம். காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், திரை இல்லாத ஜன்னல் அறை வேண்டாம். காப்பிப்பொடியை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள்.